விரல் பதிந்த வெண்கலம்

நேப்பிள்ஸ் அரண்மனையின் முகப்பில் எட்டு மாடங்கள் இருக்கின்றன. நார்மன் ரோஜரில் தொடங்கி, ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் மன்னர் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் வரை, அந்த ஊரை ஆண்ட வம்சங்களின் சார்பில் எட்டு அரசர்கள் அவற்றில் நிற்கிறார்கள். எல்லோரும் பளிங்கு. 1888இல் நிறுவப்பட்ட இந்தச் சிலைகளை வைத்து ஊர்க்காரர்களிடம் ஒரு பழைய வேடிக்கை உண்டு. ஐந்தாம் சார்லஸ் விரலைக் கீழே நீட்டி, "இங்கே ஒண்ணுக்குப் போனது யார்?" என்று அதட்டுகிறாராம். பக்கத்து மாடத்து மூன்றாம் சார்லஸ், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று ஒதுங்குகிறார். அடுத்து நிற்கும் முரா மார்பில் கைவைத்து, "நான்தான், அதற்கென்ன?" என்கிறார். கடைசியில் நிற்கும் விக்டர் இம்மானுவேல் வாளை உருவியாயிற்று. தண்டனை என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதட்டுகிற அந்தச் சார்லஸை உருவாக்கியவர் வின்சென்சோ ஜெமிட்டோ. தெருப் பையன்களைச் செய்து பெயர் வாங்கியவரிடம் பேரரசரைச் செய்யும் வேலை வந்து சேர்ந்தது. பளிங்கு என்றாலே அவருக்கு ஆகாது. சார்லஸின் மாதிரியை மட்டும் அவர் செய்தார். கல்லில் கொத்தியவர்கள் வேறு ஆட்கள். சிலை மாடம் ஏறியபோது சிற்பி மனநிலை குலைந்து வெளியுலகத்திலிருந்து விலகியிருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டு, பளிங்கு ஒரு மேதையைப் பைத்தியமாக்கிய கதையாகச் சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். கதை அளவுக்கு மீறிக் கச்சிதமாக இருக்கிறது. நடந்தது இவ்வளவு கச்சிதமானதல்ல.

1852 ஜூலை 16 அன்று பிறந்த குழந்தை ஜெமிட்டோ. மறுநாள் அனுன்சியாட்டா அநாதை இல்லத்தின் சக்கரத்தில் வைக்கப்பட்டது. தெருவைப் பார்த்த சுவரில் ஒரு திறப்பு, அதற்குப் பின்னால் மரத்தாலான உருளைத் தொட்டி. பிள்ளையை வைத்துச் சுழற்றிவிட்டால் அது உள்ளே போய்விடும். வைத்தவர் யாரென்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. தலைமுறை தலைமுறையாக நேப்பிள்ஸின் வறுமையும் மானக்கேட்டின் அச்சமும் அந்தத் திறப்பின் வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தன. 1875இல்தான் சக்கரம் நிறுத்தப்பட்டது. பதிவேட்டில் 'ஜெனிட்டோ' என்று இருந்திருக்க வேண்டிய பெயர் எழுத்தரின் கைத்தவறால் 'ஜெமிட்டோ' ஆயிற்று என்பார்கள்.

சொந்தக் குழந்தையைப் பறிகொடுத்திருந்த ஓர் எளிய தம்பதி அவனை எடுத்து வளர்த்தார்கள். வளர்ப்புத் தந்தை இறந்த பிறகு தாய் ஜுசெப்பினா பரட்டா பிரான்செஸ்கோ யதிசிக்கோ என்ற கொத்தனாரை மணந்தார். அக்கம்பக்கத்தில் அவர் 'மாஸ்தோ சிச்சோ', அதாவது மேஸ்திரி சிச்சோ. இந்த மனிதரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜெமிட்டோவுக்குப் பட்டறை எடுபிடியாகவும் மாதிரியாகவும் இருந்து, ஒரு கட்டத்தில் பண்டைக் கிரேக்க ஞானியாகவே மாறப்போகிறவர் அவர்.

பையன் சிறுவயதிலேயே சிற்பி எமனுவேலே கஜ்ஜானோவின் பட்டறையில் சேர்ந்தான். பின்னர் ஸ்தானிஸ்லாவோ லிஸ்தாவிடம் பயின்றான். அந்நாள்களில் உடன் திரிந்தவன் அந்தோனியோ மன்சினி, அதே 1852இல் பிறந்தவன், பின்னாளில் இத்தாலியின் பெரிய ஓவியர்களில் ஒருவன். இருவருக்கும் தெருவே பள்ளி. அகாதமி வகுப்புகளில் சாந்தில் வார்த்த பழஞ்சிலைப் பிரதிகளைப் பார்த்து வரையச் சொல்வார்கள். வெளியே வந்தால், வெறுங்கால் பையன்கள் வெயிலில் படிக்கட்டில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருப்பார்கள்.

அப்படிச் சீட்டாடும் பையன் ஒருவனைத்தான் 1868இல், தன் பதினாறாம் வயதில், ஜெமிட்டோ செய்தார். தரையில் குந்தியிருக்கிறான், உடம்பு முழுவதும் ஆட்டத்துக்குள் சுருண்டிருக்கிறது. நாயகன் இல்லை, புராணம் இல்லை, பார்ப்பவர்க்குப் பாடம் எதுவும் இல்லை. சிலையை மன்னர் விக்டர் இம்மானுவேல் கபோதிமொந்தே அரண்மனைக்காக வாங்கினார். அரண்மனைக்காரர்களுக்கு ஜெமிட்டோவின் அருமை தெரியவில்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இந்த விற்பனையே சாட்சி.

அடுத்த சில ஆண்டுகளில் சுட்டமண் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1870ஐ ஒட்டிச் செய்த 'நோயுற்ற சிறுவன்' இன்று சான் மார்த்தினோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தகைய தலைகளுக்கு நேப்பிள்ஸில் நீண்ட முன்வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் கிறிஸ்துமஸ் குடிலுக்காக அங்கே செய்யப்பட்ட சுட்டமண் முகங்களில் மீன்காரியும் குருடனும் கசாப்புக்காரனும் அசல் தெருவிலிருந்து எழுந்து வந்தவர்களாகவே இருந்தார்கள். ஆனால் குடில் பொம்மைகள் ஒரு கூட்டத்தின் உறுப்பினர்கள். பக்கத்தில் இடையர்களும் தேவதூதர்களும் வேண்டும். ஜெமிட்டோவின் பையன் தனியாள். அவனை நியாயப்படுத்த அருகில் ஒரு தேவகுமாரன் பிறக்க வேண்டியதில்லை.

1873இல் இசையமைப்பாளர் வெர்டி 'ஐடா' நாடகத்தை சான் கார்லோ அரங்கில் மேடையேற்ற நேப்பிள்ஸ் வந்திருந்தார். ஓவியர் தொமெனிக்கோ மொரெல்லியின் வழியாக அவருடைய மார்பளவுச் சிலையைச் செய்யும் வாய்ப்பு ஜெமிட்டோவுக்குக் கிடைத்தது. கட்டாயப் படைச்சேவையிலிருந்து விலக்குப் பெறப் பணம் கட்டவேண்டிய நெருக்கடியில் இருந்த இளைஞருக்கு அது பெரிய உதவி. அந்தக் காலத்து மார்பளவுச் சிலைகள் நிமிர்ந்து, தொலைவில் எதையோ பார்த்தபடி, சந்ததியினருக்குத் தரிசனம் தந்துகொண்டிருக்கும். ஜெமிட்டோவின் வெர்டி தலைகுனிந்திருக்கிறார். தாடியும் தாழ்ந்த கண்களும் கீழே இருக்கும் ஏதோ வேலையை நோக்கியிருக்கின்றன. சீட்டாடும் பையனைப் பார்த்த அதே கண்தான் இங்கேயும். உலகப் புகழ் பெற்றவரையும் ஒரு காரியத்தில் மூழ்கிப்போனவராகப் பார்க்கத்தான் அதற்குத் தெரிந்திருந்தது. மறு ஆண்டு நேப்பிள்ஸ் அருகே போர்த்திசியில் கோடையைக் கழித்த ஸ்பானிய ஓவியர் பொர்த்தூனியையும் அவர் செய்தார். அந்த நவம்பரில் பொர்த்தூனி ரோமில் இறந்துபோனார்.

1877இல் ஜெமிட்டோவும் மன்சினியும் பாரிஸ் போனார்கள். ஜெமிட்டோ கொண்டுபோனது 'நேப்பிள்ஸ் மீன்காரச் சிறுவன்'. பாறைமேல் குந்தி, பிடித்த மீன்களை மார்போடு அணைத்துக்கொண்டிருக்கும் அம்மணமான பையன். மீன் நழுவுகிறது, விடக் கூடாது, அந்தப் பதற்றத்தில் விலாவெலும்பு துருத்துகிறது, கால்விரல்கள் பாறையைப் பற்றுகின்றன. அழகிய இத்தாலியச் சிறுவர்கள் பாரிஸ் கண்காட்சிகளுக்குப் புதியவர்கள் அல்லர். கார்ப்போவும் ரூதும் செய்த நேப்பிள்ஸ் மீனவச் சிறுவர்கள் அங்கே ஏற்கெனவே பெயர் பெற்றவர்கள், சிரித்த முகத்தினர், கண்ணுக்கு இனியவர்கள். ஜெமிட்டோவின் பையனுக்குச் சிரிக்க நேரமில்லை. சலோன் கண்காட்சியில் அவன் கருத்துகளைப் பிளந்தான். இவ்வளவு அசிங்கம் எதற்கு என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள், இதுதான் உயிர் என்று கொண்டாடியவர்களும் இருந்தார்கள். கொண்டாடியவர்களில் அன்றைய பிரெஞ்சு ஓவியத்தின் பெரும்புள்ளி மெசோனியேயும் ஒருவர். அவருடைய ஆதரவு ஜெமிட்டோவுக்கு வீட்டையும் வாடிக்கையாளர்களையும் தந்தது. இன்று அந்தச் சிறுவன் பிளாரன்ஸின் பர்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறான். தொனத்தெல்லோவின் தாவீது இருக்கும் அதே கட்டடம் அது. கூச்சப்படாமல் அங்கே உட்கார்ந்திருக்கிறான்.

இவ்வளவு தெருவைச் செய்தவரை வெறும் யதார்த்தவாதி என்று வகைப்படுத்திவிடுவது எளிது. அவரோ தன்னைப் பழங்காலத்தின் பிள்ளையாகவே எண்ணினார். நேப்பிள்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் ஹெர்குலேனியத்தின் பப்பைரஸ் மாளிகையிலிருந்து தோண்டியெடுத்த வெண்கலங்கள் இருக்கின்றன: ஓட்டப்பந்தய வீரர்கள் இருவர், குடிபோதையில் சாய்ந்த சாத்திர், சுருக்கம் விழுந்த கழுத்தும் நெற்றியில் ஒட்டிய முடியுமாகச் செனெக்கா என்று நெடுங்காலம் தவறாக அழைக்கப்பட்ட கிழவர். ரோமின் வெள்ளைப் பளிங்குகளைப் பார்த்து வளர்ந்த சிற்பிகளுக்குப் பழமை என்றால் வெண்மை, அமைதி, குளிர்ச்சி. நேப்பிள்ஸ்காரருக்கோ பழமை கரியது, பிசுபிசுப்பானது, கண் பதித்த முகம் கொண்டது. எரிமலைச் சேற்றுக்கு அடியில் பதினேழு நூற்றாண்டு கிடந்துவிட்டு வந்தது. அந்த உடம்புகளுக்கும் துறைமுகத்தில் நீந்தும் பையன்களின் உடம்புக்கும் நடுவே ஜெமிட்டோ கோடு எதுவும் காணவில்லை. அவருடைய சிறந்த படைப்புகள் எல்லாம் இந்தக் கோடு இல்லாமையிலிருந்து வந்தவைதான்.

நல்ல சான்று 1883இல் செய்த 'தத்துவஞானி'. அந்தப் பொய்ச் செனெக்காவை மனத்தில் வைத்து அமைத்த தலை. முகம் யாருடையது? மேஸ்திரி சிச்சோவுடையது. சாந்துக் கரண்டி பிடித்த நேப்பிள்ஸ் கொத்தனார் தாடியோடும் கலைந்த முடியோடும் ஹெர்குலேனியத்து ஞானிகளின் வரிசையில் சேர்ந்துவிட்டார். வேஷம் போட்டதாக எங்கும் தெரியவில்லை.

பாரிஸில் அவர் நெடுநாள் தங்கவில்லை. 1880இல் ஊர் திரும்பினார். அவர் காதலித்து உடன் வாழ்ந்த பிரெஞ்சுப் பெண் மதில்ட் துபோ நோயாளியாக இருந்தார், 1881இல் இறந்தார். ஜெமிட்டோ காப்ரி தீவுக்கு ஓடினார். பின்னால் அன்னா குத்தோலோவை மணந்தார். மொரெல்லிக்கு மாதிரியாக நின்ற பெண் அவர். ஜெமிட்டோவின் சித்திரங்களில் திரும்பத் திரும்ப வருகிற முகம்.

அதே 1881இன் படைப்பு 'தண்ணீர்க்காரப் பையன்'. நேப்பிள்ஸ் தெருக்களில் கந்தகம் கலந்த ஊற்றுநீரை மண்குடங்களில் கொண்டுவந்து விற்பார்கள். அந்தத் தொழிலைச் செய்யும் பையன் அவன். இடுப்பில் ஒரு கலம், நீட்டிய கையில் இன்னொன்று, முகத்தில் வாடிக்கையாளரை அழைக்கும் சிரிப்பு. இதைச் செய்யச் சொன்னவர் இரண்டாம் பிரான்சிஸ், நேப்பிள்ஸின் கடைசி பூர்பன் அரசர். கரிபால்டி நுழைவதற்கு முதல்நாள் தலைநகரை விட்டு வெளியேறி, 1861இல் முடியிழந்து, நாடுகடந்து வாழ்ந்தவர். இழந்த ராஜ்யத்திலிருந்து ஒரே ஒரு பொருளைக் கேட்கும் நிலையில் அவர் கேட்டது வெற்றித்தூணோ குலமுதல்வனின் உருவமோ இல்லை. ஊர்த் தண்ணீர் விற்கும் பையனைக் கேட்டார். நாடிழந்த அரசர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் சொல்லாத ஒன்றை இந்தச் சிறு வெண்கலம் சொல்லிவிடுகிறது.

வெண்கலம் என்று ஒரு சொல்லில் கடந்துபோவது ஜெமிட்டோவுக்கு நியாயம் செய்யாது. அவர் காலத்துப் பிரெஞ்சு வார்ப்பகங்களில் பெரும்பாலும் மணல் வார்ப்பு. சாந்துச் சிலையைத் துண்டு துண்டாக மணலில் பதித்து, வார்த்து, ஒட்டி, அரத்தால் ராவி மெருகேற்றுவார்கள். மலிவு, வேகம், நிறையப் பிரதிகள். ஆனால் ராவும்போது சிற்பியின் விரல் போய்விடும். மிஞ்சுவது தொழிலாளியின் அரம். மெழுகு வார்ப்பில் அப்படியில்லை. அச்சின் உட்புறம் மெழுகைப் பூசி, நடுவில் கருவை நிரப்பி, அச்சை நீக்கினால் சிற்பியின் முன் மெழுகுச் சிலை நிற்கும். அவர் அதன்மேல் மறுபடி வேலை செய்யலாம்: ஒரு நகக்கீறல், பெருவிரலின் ஓர் அழுத்தம். பிறகு குழாய்கள் பொருத்தி, வெளிமண் பூசி, சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடும். அது விட்ட இடத்தில் உலோகம் போய் உட்காரும். சுவாமிமலை ஸ்தபதிகளின் கையில் இன்றும் வாழும் முறையின் அடிப்படை இதுவே. அங்கே படிமத்தைப் பெரும்பாலும் கனமாக வார்க்கிறார்கள். ஜெமிட்டோ வார்த்தது உள்ளே பொள்ளலாக, மெல்லிய தோல் போன்ற உலோகத்தில். ஒரு தப்பு நடந்தால் மெழுகும் இல்லை, சிலையும் இல்லை. நேப்பிள்ஸின் பழைய வெண்கலங்களில் அவர் கண்ட உயிர்த்தோல் வேண்டுமென்றால் இந்த ஆபத்தை ஏற்றுத்தான் ஆகவேண்டும்.

1883இல் மெர்ஜெல்லினாவில் கடலோரமாகச் சொந்த வார்ப்பகம் தொடங்கினார். பெல்ஜியத்துப் பிரபு ஒருவர் பணம் போட்டார். தன் சிலைகளோடு அருங்காட்சியகத்துப் பழம்படைப்புகளின் பிரதிகளையும் அங்கே வார்த்தார். பொம்பேயில் 1862இல் கிடைத்த, நார்சிசஸ் எனப் பெயரிடப்பட்ட சிறு வெண்கலமும் அவற்றில் ஒன்று. பிறர் சிலைகளை வார்ப்பகத்துக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலத்தில், தன் மண்ணைத் தானே உலோகமாக்கிய சிற்பி அவர்.

இந்த மனிதரிடம்தான் மன்னர் உம்பெர்த்தோ ஐந்தாம் சார்லஸைக் கேட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பளிங்குச் சிலை என்பது பெரும்பாலும் கூட்டு வேலை. சிற்பி களிமண்ணில் செய்வார். இன்னொருவர் சாந்தில் அச்செடுப்பார். புள்ளி அளக்கும் கருவியால் அளவுகளைக் கல்லுக்கு மாற்றி, கொத்தர்கள் சில மாதங்களில் பளிங்கை இறக்குவார்கள். பேர்பெற்ற பலர் உளியைத் தொட்டதே குறைவு. இதில் யாருக்கும் வெட்கமில்லை. அப்படியானால் ஜெமிட்டோவும் மாதிரியைக் கொடுத்துவிட்டு ஊதியத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாமே? கடைசியில் நடந்ததும் ஏறத்தாழ அதுதான். ஆனால் அவரால் அதை வேலை முடிந்ததாக ஏற்க முடியவில்லை. கண்முன் பார்த்த ஒருவரை, விரலால், மெழுகுவரை தொடர்ந்து சென்று செய்வதே அவருடைய வழி. மூன்று நூற்றாண்டுக்கு முன் இறந்த ஹாப்ஸ்பர்க் பேரரசர் சீட்டாடுவதை அவர் பார்த்ததில்லை. கவசத்தையும் தோரணையையும் படங்களிலிருந்து சேகரிக்க வேண்டியிருந்தது. மற்ற ஏழு சிற்பிகளில் அவருடைய முதல் ஆசான் கஜ்ஜானோவும் ஒருவர். இரண்டாம் பிரெடெரிக்கைச் செய்தார். அவருக்கு எந்தத் தடங்கலும் இருந்ததாகத் தெரியவில்லை.

1887இல் ஜெமிட்டோவின் மனம் உடைந்தது. மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். பிறகு வியா தாஸ்ஸோவில் இருந்த தன் வீட்டில் ஒடுங்கினார். முப்பத்தைந்து வயதில் கதவை அடைத்தவர் மறுபடி வெளியே வரும்போது வயது ஐம்பத்தேழு.

பளிங்கா காரணம்? மதில்டின் மரணமும், வார்ப்பகம் என்ற தீராச் செலவுப் பள்ளமும், எதையும் முடித்துக் கையைவிட்டு அனுப்ப முடியாத இயல்பும் அதற்கு முன்பே இருந்தன. தோழன் மன்சினியும் 1881இல் மனநோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்தான். அவரிடம் யாரும் பளிங்குப் பேரரசரைக் கேட்கவில்லை. கலைஞனின் பித்துக்கு ஒரு கவித்துவமான காரணம் கண்டுபிடிக்கும் பழக்கம் பார்வையாளர்களுக்குத்தான் ஆறுதல். நோயாளிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. சார்லஸ் சிலையால் அறிய முடிவது வேறு, சிறிய, ஆனால் உறுதியான ஒரு சேதி: ஜெமிட்டோவின் திறமை இன்ன இடத்தில் தொடங்கி இன்ன இடத்தில் முடிகிறது என்பது. உருவம் தேறியதாகவே இருக்கிறது. பக்கத்து மாடங்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் எதுவும் அதில் இல்லை.

அடைபட்ட ஆண்டுகளில் கை சும்மா இருக்கவில்லை. வரைந்துகொண்டே இருந்தார். அன்னா பார்த்துக்கொண்டார். கவிஞர் சல்வதோரே தி ஜாகொமோ 1905இல் அவரைப் பற்றி நூல் எழுதியபோது, உயிரோடிருந்த அந்தச் சிற்பி ஊருக்குப் பாதிக் கதையாகிவிட்டிருந்தார். மறு ஆண்டு அன்னா இறந்தார். 1909இல் ஜெமிட்டோ வெளியே வந்தார், நீண்ட வெண்தாடியோடு. சுயசித்திரங்களில் தீர்க்கதரிசிபோல் இருக்கிறார். முன்பு மேஸ்திரி சிச்சோவை ஞானியாக்கியவர் இப்போது தானே அந்த வேடத்துக்கு வந்திருந்தார். இம்முறை கொஞ்சம் வேடமாகவும் தெரிகிறது.

பிற்காலப் படைப்புகளில் தெரு குறைந்தது. புராணமும் மாவீரர்களும் வந்தார்கள். அலெக்சாந்தரின் பக்கவாட்டு முகத்தைப் பதக்கங்களாகத் திரும்பத் திரும்பச் செய்தார். பழங்காலத்தை நேராக நின்று எட்டிப் பிடிக்கும் முயற்சி அது. வேலைப்பாடு பொற்கொல்லருடையது: முடியின் ஒவ்வோர் இழையும் எண்ணத்தக்கதாக, எங்கும் அவசரமில்லாமல். ஆனால் மீன் நழுவிவிடுமோ என்ற அந்தப் பதற்றம் அலெக்சாந்தரிடம் இல்லை. அவர் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பழமையைத் தேடாத வயதில் ஜெமிட்டோ அதன் பக்கத்தில் இருந்தார்; தேடத் தொடங்கியபின் அது நாணய முகமாகிவிட்டது.

விலக்கு ஒன்று உண்டு. 1911இல் வெள்ளியில் செய்து அங்கங்கே பொன்முலாம் பூசிய மெடூசா. லாஸ் ஏஞ்சலீஸின் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தின் பெருஞ்செல்வமான பர்னேசே கிண்ணத்தின் அடிப்புறத்தில் செதுக்கப்பட்ட மெடூசாவிலிருந்து பிறந்தது. பார்த்தவரைக் கல்லாக்கும் அரக்கியைச் செய்திருக்கிறார். ஆனால் அவள் முகத்தில் கொடூரத்தைவிடக் கலக்கம் அதிகம். திறந்த வாயும் கலைந்த கூந்தலும் பாம்புகளும் ஒன்றுக்குள் ஒன்று நெளிகின்றன. முதிய கை இழைத்து இழைத்துச் செய்த வேலை, இந்த ஒரு தடவை அந்த இழைப்பே அச்சமாக மாறியிருக்கிறது.

1929 மார்ச் 1 அன்று ஜெமிட்டோ நேப்பிள்ஸிலேயே இறந்தார். ரோதின் நவீனச் சிற்பத்தின் தந்தையாகி, இத்தாலியில் மெதார்தோ ரோஸ்ஸோ மெழுகையே முடிந்த படைப்பாக வைத்துப் புதிய வழி திறந்துவிட்டிருந்த காலம் அது. நேப்பிள்ஸ் கிழவரை எந்த வரிசையில் சேர்ப்பது என்று கலைவரலாற்றுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த எதிர்காலவாதிகளுக்கு அவர் பழையவர், அகாதமிக்காரர்களுக்கு அடங்காதவர். எழுத்தாளர் ஆல்பெர்த்தோ சவீனியோ அவருடைய வாழ்க்கையைச் சொன்னார், அதுவும் வழக்கமான சரித்திரமாக இல்லாமல். வெளிநாடுகளில் பெயர் மங்கியே கிடந்தது. பிரான்சில் அவருக்கென்று ஒரு பெரிய தனிக்கண்காட்சி 2019இல்தான் பாரிஸின் பெட்டி பாலே அருங்காட்சியகத்தில் நடந்தது. அடுத்த ஆண்டு அது கபோதிமொந்தேக்கு வந்தது.  சீட்டாடும் பையனை மன்னர் வாங்கிவைத்த அந்த அரண்மனை இப்போது அருங்காட்சியகம், பையனின் முகவரி அதுவே.

அவரைப் பார்க்க விரும்புகிறவர்கள் நேப்பிள்ஸில் தொலேதோ வீதிப் பக்கம் போனால், சேகரிப்பாளர் அக்கில்லே மினோட்சி திரட்டிய படைப்புகள் ஒரு வங்கியின் கலைக்கூடத்தில் இருக்கின்றன: மண், மெழுகு, வெண்கலம், ஏராளமான சித்திரங்கள். சித்திரங்களுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். பேனாவும் நீர்வண்ணமும் வெண்சுண்ணமும் கலந்து வரைந்த பெண் முகங்களில், கண்ணிமையின் ஓரத்தை அவர் எப்படி முடிக்கிறார் என்று பார்த்தால், மெழுகில் நகத்தை எங்கே வைப்பார் என்பது பிடிபட்டுவிடும்.